கீழே ரெண்டு பல்லு

ஹாலுக்குள்ள கால் வச்சதும் முதல்ல என் கண்ணுல பட்டது பூவும் இல்ல, நாற்காலியும் இல்ல. மேடையில நிக்க வச்சிருந்த பெரிய போட்டோவுல எங்க பாட்டி வரிசையா பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

எங்க பாட்டிக்கு ஏதுங்க பல்லு?

மேல ஒண்ணுகூடக் கிடையாது. கீழ ரெண்டே ரெண்டு. அதுவும் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி தள்ளித் தள்ளி நிக்கும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியோட பின்பக்கம் இருக்கற லேப்ல பல்செட் செய்யுறவ. முன்னாடி டாக்டர் வாயில அளவெடுத்து அனுப்புவாரு, பின்னாடி நான் மெழுகுல பல்லை அடுக்கி செட் செஞ்சு அனுப்புவேன். பாட்டியோட மேல்செட் என் கையால செஞ்சதுதான். அது செஞ்சு குடுத்த நாள்லேர்ந்து பாட்டி என் பேரையே மறந்துட்டு "பல்காரி"ன்னுதான் கூப்பிடும். "பல்காரி வந்துட்டா, எல்லாரும் வாயை மூடிக்குங்க"ன்னு வீடே அதிர ஒரு சத்தம் போடும்.

பாட்டி போய் ஒரு மாசம் ஆச்சு. அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு நினைவுக் கூட்டம். ஹாலைப் பிடிச்சது, மைக் செட் சொன்னது, யார் யாரு பேசணும்னு முடிவு பண்ணது எல்லாம் பெரியப்பா. எங்க அப்பா அவருக்குத் தம்பி. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசின வரலாறே அவருக்குக் கிடையாது, அதனால அவரை இந்தக் கதையில ரொம்ப எதிர்பார்க்காதீங்க. நான் காலையிலேயே பேப்பர் கப்பும் பிஸ்கட் டப்பாவும் தூக்கிக்கிட்டு உதவிக்குப் போனவ. போன இடத்துல இந்தக் கூத்து.

டப்பாவைக் கீழ வச்சிட்டு போட்டோகிட்டப் போனேன். மேல் வரிசை பூரா முத்து முத்தா பல்லு. இடது பக்கம் கோரைப்பல் மட்டும் லேசா உள்பக்கம் திரும்பி இருந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

அது பெரியம்மாவோட பல்லு!

சத்தியமா சொல்றேன். போன வருஷம் பெரியம்மாவுக்கு அந்தக் கோரைப்பல்லுக்கு கேப் செஞ்சது நான்தான். நேரா வச்சிடட்டுமான்னு கேட்டதுக்கு, "வேண்டாம்டி, பழைய பல்லு திரும்பி இருந்த மாதிரியே திருப்பி வை. திடீர்னு நேரானா கடையில என்னைக் கேலி பண்ணியே சாவடிப்பாளுங்க"ன்னு சொன்னாங்க. பெரியம்மா ஒரு ஜவுளிக்கடையில பில் போடுறவங்க. அந்தத் திருப்பம் சரியா வர்ற வரைக்கும் நான் உட்கார்ந்து தேய்ச்சேன். தையல்காரிக்குத் தான் போட்ட காஜா தெரியாமப் போகுமா?

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. பாட்டியும் பெரியம்மாவும் மாமியார் மருமகள்னா அப்படி ஒரு மாமியார் மருமகள். ஒருத்தர் வச்ச டம்ளரை இன்னொருத்தர் நகர்த்தி வைக்காம ரெண்டு பேருக்கும் தூக்கம் வராது. "அவ பல்லைக் காட்டினாலே எனக்கு வயித்தைக் கலக்குது, என்னமோ கேக்கப் போறா"ன்னு பாட்டி பெரியம்மா காதுபடவே சொல்லும். கடைசியில அந்தப் பல்லே பாட்டி வாயில வந்து உட்கார்ந்திருக்கு. எனக்குச் சிரிப்புதான் முதல்ல வந்துச்சு. அப்புறம் வந்த கோபத்துல சிரிப்பு இருந்த இடம் தெரியல.

"பெரியப்பா, என்ன இது?"

அவர் ஏணி மேல நின்னு ஒரு துணியை இழுத்துக் கட்டிக்கிட்டு இருந்தாரு. "நல்லா இருக்குல்ல? ஸ்டூடியோவுல சொல்லிக் கம்ப்யூட்டர்ல சரி பண்ண வச்சேன்."

"எதைச் சரி பண்ணீங்க?"

"வாயைத்தான். கல்யாண வீட்டுல எடுத்த போட்டோ அது, பாதி வாயைத் திறந்துக்கிட்டு இருந்தாங்க. பொக்கை வாயோட மேடையில வைக்க முடியுமா?"

"யாரோட பல்லு இது?"

"என்ன கேள்வி கேக்குற? பாட்டியோடதுதான்."

"பாட்டிக்கே தெரியாம பாட்டிக்கு முளைச்சுதா?"

பெரியப்பா ஏணியை விட்டு இறங்கி வந்தாரு. அவருக்குக் கோபம் வந்தா குரல் ஏறாது, இறங்கும். "இங்க பாரு. பேங்க்ல என்கூட வேலை பாத்தவங்க எல்லாம் வராங்க. பெரிய பெரிய ஆளுங்க. பெத்த தாய்க்குப் பல்லுகூடக் கட்டலையான்னு கேக்க மாட்டாங்களா? என் மானம் போகும். உன் வேலையைப் பாரு."

"கட்டினோமே, நான்தானே செஞ்சேன்! அதைப் பாட்டி போட்டுக்கிட்டாதானே?"

"விடும்மா."

விடுற ஜென்மமா நான்? ஆனா அப்போதைக்குப் பேச்சை மாத்தி, "தாத்தாவை யாரு கூட்டிட்டு வரா?"ன்னு கேட்டேன்.

"அவர் வரல."

"என்னது?"

"நேத்து இந்தப் போட்டோவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அவர்கிட்டக் காட்டினேன். 'யாருடா இந்தப் பொம்பளை'ன்னு கேட்டாரு. கட்டின பொண்டாட்டியையே தெரியல, பாத்துக்கோ. மறதி முத்திப்போச்சு. இந்த நிலைமையில நாலு பேர் முன்னாடி கொண்டாந்து உட்கார வச்சா அவருக்கும் அசிங்கம், நமக்கும் அசிங்கம். பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு இருக்கச் சொல்லியிருக்கேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. பாட்டிக்கு நினைவுக் கூட்டம், அதுல தாத்தா கிடையாதாம். அந்த இடத்துலயே முடிவு பண்ணேன். நாலு மணிக்கு முன்வரிசையில தாத்தா உட்காரணும். அவருக்கு எதிர்ல அவர் பொண்டாட்டி இருக்கணும், பெரியம்மா இல்ல. பெரியப்பா தலைகீழா நின்னாலும் சரி.

தாத்தா வீடு ஹாலுக்குப் பின்னாடி தெருவுல மாடியில இருக்கு. ரெண்டு அறை, ஒரு சமையல்கட்டு. போனப்ப அவர் ஜன்னலோரம் பாட்டியோட நாற்காலிக்குப் பக்கத்துல தன் நாற்காலியில உட்கார்ந்திருந்தாரு. பாட்டி நாற்காலியில யாரையும் உட்கார விடுறதில்ல. பக்கத்து வீட்டுக்காரர் பாவம், ஓரமா ஸ்டூல்ல உட்கார்ந்து தூங்கி விழுந்துக்கிட்டு இருந்தாரு. அவரை நான்தான் வீட்டுக்கு அனுப்பி வச்சேன்.

"தாத்தா, நான் யாரு?"

"ஏன், உனக்கே மறந்துபோச்சா?"

மறதியாம்! அவர் காலுக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்தேன். "பெரியப்பா நேத்து ஒரு போட்டோ காட்டினாராமே?"

"ஆமா. பெருசா இருந்துச்சு, நல்லா ஜம்முனு இருந்துச்சு. மூக்கு, நெத்தி எல்லாம் உங்க பாட்டி மாதிரிதான். ஆனா சிரிப்பு நம்ம மூத்த மருமக சிரிப்பு." அப்புறம் குனிஞ்சு, யாருக்கும் கேக்கக் கூடாதுங்கற மாதிரி கேட்டாரு. "ஏம்மா, மூத்தவளுக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருந்தா? எதுக்கு அவளுக்கு மாலை வாங்கறான்? ராத்திரி பூரா தூக்கம் இல்ல எனக்கு."

சிரிக்கறதா அழறதான்னே தெரியல. இந்த மனுஷனுக்கா மறதி? பல் செய்யுற எனக்கே கிட்டப் போய்ப் பாத்துதான் தெரிஞ்சுது. இவர் உட்கார்ந்த இடத்துலேர்ந்தே சரியாச் சொல்லியிருக்காரு. அதைக் கேட்டு அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு முடிவு கட்டியிருக்காங்க.

"பெரியம்மா நல்லா இருக்காங்க தாத்தா. கல்லு மாதிரி இருக்காங்க. எழுந்திருங்க, சட்டையை மாத்திக்கிட்டு ரெடியா இருங்க. பாட்டிக்குக் கூட்டம்."

"அவ வந்தா வரேன்."

"தாத்தா..."

"போயிட்டான்னு தெரியும்மா. நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. அவ மூஞ்சி இருந்தா வரேன்னு சொல்றேன். வேற யாரோ ஒருத்தி முன்னாடி போய் நான் எதுக்கு உட்காரணும்?"

அலமாரியிலேர்ந்து வெள்ளைச் சட்டையை எடுத்து, போட்டிருந்த சட்டையோட பொத்தானைக் கழட்டப் போனேன். அவர் சட்டைப் பையைக் கையால பொத்திக்கிட்டாரு. பிள்ளைங்க மிட்டாயை மறைக்கிற மாதிரி.

"என்ன தாத்தா அது?"

வாசல் பக்கம் ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் கைக்குட்டையை வெளிய எடுத்துப் பிரிச்சாரு. உள்ள பாட்டியோட மேல்செட். நான் செஞ்சது.

அதைத் தேடி நாங்க வீட்டையே புரட்டிப் போட்டிருந்தோம். பாட்டி போன அன்னைக்கு, கடைசியா வாயில வச்சு அனுப்பணும்னு பெரியப்பா ஒத்தக் கால்ல நின்னாரு. ஆஸ்பத்திரியில கேட்டாங்க, கட்டிலுக்கு அடியில எல்லாம் பாத்தாங்க. கிடைக்கவே இல்ல.

பாட்டிக்கு ஒரு பழக்கம் இருந்துச்சு. சிரிப்பு வந்தா செட்டைக் கழட்டிடும். என் வேலையில குறைன்னு நினைச்சுடாதீங்க, அந்தச் சிரிப்புக்கு எவன் செஞ்ச செட்டும் தாங்காது. தலையைப் பின்னாடி சாய்ச்சு, தோள் குலுங்க, தையல் கம்பெனியில அத்தனை மெஷின் சத்தத்துக்கும் மேல கேட்டுப் பழகின சிரிப்பு. அங்க சட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துப் பிசிறு வெட்டுற வேலை பாட்டிக்கு. யாராவது ஒரு பேச்சை ஆரம்பிச்சாலே, இது சிரிப்புல போய்த்தான் முடியும்னு தெரிஞ்சா, செட்டைக் கழட்டித் தாத்தா பக்கம் நீட்டும். "கொஞ்சம் புடிங்க. சிரிச்சு முடிச்சிட்டுக் கேக்கறேன்." தாத்தா கைக்குட்டையில சுத்திப் பையில போட்டுக்குவாரு. கல்யாண வீடு, ரயில், டாக்டர் ரூம், எங்கயா இருந்தாலும் இதே கதைதான். பெரியப்பாவுக்கு அப்பல்லாம் தலையை எங்க கொண்டுபோய் வச்சுக்கறதுன்னே தெரியாது.

"ஆஸ்பத்திரியில அன்னைக்கு சாயங்காலம் அந்த நர்ஸ் பொண்ணு என்னமோ சொல்லுச்சு,"ன்னாரு தாத்தா. "உங்க பாட்டிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. புடிங்கன்னா. வாங்கிப் பையில போட்டேன். சிரிச்சா. சிரிச்ச களைப்புல தூங்கிட்டா." செட்டைத் திரும்ப சுத்த ஆரம்பிச்சாரு. "அப்புறம் கேக்கவே இல்ல."

அவர் முழங்கால்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டு அழுதேன். நல்லாவே அழுதேன், வெக்கமே படல.

"அதான் நான் யாருகிட்டயும் குடுக்கல,"ன்னாரு. "அவ கேட்டா நான்தானே குடுக்கணும்?"

மூக்கைத் துடைச்சிட்டு எழுந்தேன். "தாத்தா, சட்டையை மாத்திக்குங்க. பையில இருக்கறதைப் பத்திரமா புதுச் சட்டைக்கு மாத்துங்க. உங்க பொண்டாட்டியை நான் கூட்டிட்டு வரேன்."

பெருசா சொல்லிட்டேன். தெருவுல இறங்கினப்புறம்தான் யோசனையே வந்துச்சு. பாட்டி வாயைத் திறந்து சிரிக்கிற போட்டோ எங்க குடும்பத்துல ஒண்ணுகூடக் கிடையாது. இருக்காது. ஏன்னா போட்டோ எடுக்கறவன் கையைத் தூக்கினாலே பெரியப்பா, "அம்மா, வாயை மூடு"ன்னு சொல்லிடுவாரு. அந்தக் கல்யாண வீட்டுப் படத்தைத் தவிர ஆல்பம் பூரா பாட்டி உதட்டை இறுக்கி வச்சுக்கிட்டு, பரீட்சையில தோத்த மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஆனா ஒரு இடத்துல இருக்கு. எங்க லேப்ல.

பல்செட் செய்யுறதுக்கு முன்னாடி ஆளைச் சிரிக்க வச்சு ஒரு போட்டோ எடுப்போம். சிரிக்கும்போது உதடு எவ்வளவு தூக்குது, பல்லு எவ்வளவு தெரியணும்னு பாக்க. வேலை முடிஞ்சப்புறம் அந்தப் படத்தை யாரும் திரும்பிப் பாக்கறதில்ல, கம்ப்யூட்டர்ல எங்கயாவது கிடக்கும். லேப் சாவி என்கிட்டதான் இருக்கு. அன்னைக்கு விடுமுறை, உள்ள மெழுகு வாசனையும் பிளாஸ்டர் மாவு படிஞ்ச மேஜையும் தவிர ஒரு ஈ காக்கா இல்ல. லைட்டைப் போட்டேன், கம்ப்யூட்டரைப் போட்டேன். பாட்டி வந்துச்சு.

அடேயப்பா! எடுத்தது நான்தான், இருந்தாலும் மறந்தே போயிருந்தேன். அன்னைக்கு டாக்டர் நாற்காலியில பாட்டியை உட்கார வச்சு, "சிரி பாட்டி"ன்னு நான் கெஞ்சுறேன், பாட்டிக்குச் சிரிப்பே வரல. எப்பவும் வாயை மூடச் சொல்ற குடும்பத்துல ஒருத்தி சிரின்னு சொன்னதும் சந்தேகம். தாத்தா விளக்குக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு. மெதுவா, "ஏம்மா, எனக்கும் ஒரு செட் போடு. இத்தனை வருஷமா இவ மட்டும்தான் என்னைக் கடிச்சா, நான் திருப்பிக் கடிக்கணும்"ன்னாரு. அவ்வளவுதான். பாட்டி வெடிச்சிடுச்சு. நான் பட்டனை அமுக்கினேன்.

படத்துல பாட்டி என்னைப் பாக்கல. தலையைச் சாய்ச்சு, வாயை அப்படியே திறந்து, கீழ ரெண்டு பல்லும் தெரிய, கண்ணு பாதி மூடி, ஓரமா நிக்கிற தாத்தாவைப் பாத்துச் சிரிக்குது.

படத்தைப் பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். ஸ்டூடியோக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி வச்சுட்டு சாப்பிடக் கிளம்பிக்கிட்டு இருந்தாரு. அந்த ஷட்டருக்கு அடியில குனிஞ்சு உள்ள போயிட்டேன். "அண்ணே, எங்க பெரியப்பா ஹால்ல வச்சிருக்கற போட்டோ நீங்க பண்ணதுதானே? அதே அளவுல இதை எடுத்துக் குடுங்க. இப்பவே."

"உங்க பெரியப்பா சொல்லலியேம்மா."

"அந்தப் பல்லை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

அவர் தலையைச் சொறிஞ்சாரு. "கம்ப்யூட்டர்ல இருக்கற பல்லு எதுவும் அந்த முகத்துக்கு ஒட்டல. குடும்பத்துல யாராவது நல்லா சிரிச்ச போட்டோ இருந்தா குடுங்க, ஜாடை சேரும்னேன். அவர் தன் போன்லேர்ந்து ஒரு அம்மா படத்தை அனுப்பிச்சாரு."

"அந்த அம்மா அவர் பொண்டாட்டி. இந்தப் பாட்டிக்கு மருமக. ரத்த சம்பந்தமே இல்ல, சண்டை சம்பந்தம்தான். எப்படிண்ணே ஜாடை சேரும்?"

ஸ்டூடியோக்காரர் முகத்துல ஈயாடல. என் கையில இருந்த பென் டிரைவை வாங்கி, படத்தைக் கம்ப்யூட்டர்ல திறந்தாரு. கொஞ்ச நேரம் பாத்தாரு. அவர் உதடு விரிய ஆரம்பிச்சுது. அப்புறம் சத்தம் போட்டே சிரிச்சிட்டாரு. "என்னம்மா இது, பாத்தாலே தொத்திக்குது!"

"அதான் எங்க பாட்டி."

"இந்தச் சுருக்கத்தைக் கொஞ்சம்..."

"கையை வச்சீங்கன்னா பாருங்க. சுருக்கம், பொக்கை, ரெண்டு பல்லு, எல்லாம் அப்படியே வேணும்."

சாப்பாட்டை மறந்துட்டு மெஷினைப் போட்டாரு, நல்ல மனுஷன். அது அங்குலம் அங்குலமா பாட்டியை வெளிய தள்ளுச்சு. முதல்ல நெத்தி, அப்புறம் கண்ணு, அப்புறம் அந்த வாய். நாலு மணி நெருங்குதேன்னு எனக்குக் கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரி இருந்துச்சு.

படத்தைச் சுருட்டிக் கையில எடுத்துக்கிட்டு ஹாலுக்கு வந்தப்ப ஆளுங்க வர ஆரம்பிச்சாச்சு. வாசல்ல பாட்டியோட தையல் கம்பெனிக்காரங்க மூணு பேர், வயசான பொம்பளைங்க, தயங்கிக்கிட்டே நின்னாங்க. ஒருத்தங்க என்னைப் பிடிச்சு, "ஏம்மா, பிசிறுக்கார அக்காவுக்குக் கூட்டம்னு சொன்னாங்க. இந்த ஹால் இல்லையா? உள்ள வேற யாரோ அம்மா படம்ல வச்சிருக்கு?"ன்னு கேட்டாங்க.

"இதே ஹால்தான். இருங்க, அக்கா இப்பதான் வராங்க,"ன்னு சொல்லிட்டு நேரா மேடைக்குப் போனேன்.

பிரேமைத் திருப்பிப் பின்பக்க ஆணியை நெம்ப ஆரம்பிச்சேன். பெரியப்பா ஓடி வந்து பிரேமை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு.

"என்ன பண்ற? பைத்தியமா உனக்கு?"

"கையை எடுங்க பெரியப்பா."

"அத்தனை பேர் பாக்கறாங்க!"

"பாக்கட்டும். வாசல்ல பாட்டி கூட வேலை பாத்தவங்களே ஹால் மாறி வந்துட்டோமான்னு கேக்கறாங்க. தாத்தாவுக்கு மறதின்னு சொன்னீங்கல்ல? அவர் சரியாத்தான் சொன்னாரு. இது பாட்டி இல்ல. இது பெரியம்மா!"

கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல. டீ வைக்கிற மேஜைக்குப் பின்னாலேர்ந்து பெரியம்மா வந்துட்டாங்க.

"என் பேச்சு எதுக்கு வருது?"

நான் பிரேமை அவங்க பக்கம் திருப்பி, அந்தக் கோரைப்பல்லைக் கையால தொட்டுக் காட்டினேன். "இது யாரோடதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சாங்க. தன் நாக்கால தன் இடது பக்கக் கோரைப்பல்லைத் தடவிப் பாத்தாங்க. அப்படியே மெதுவா நிமிர்ந்து பெரியப்பாவைப் பாத்தாங்க. முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம என் பல்லை எடுத்து உங்க அம்மா வாயில வச்சீங்களா?"

"ஜாடைக்கு..."

"ஜாடையா? எனக்கும் உங்க அம்மாவுக்கும் என்ன ஜாடை? அவங்க மட்டும் இப்ப இருந்தாங்கன்னா உங்களையும் என்னையும் சேர்த்து உரிச்சு உப்பு தடவியிருப்பாங்க!" சொல்லும்போதே அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வாயைப் பொத்தினாங்க. பொத்தின கைக்கு மேல கண்ணு ரெண்டும் ரொம்பிடுச்சு. "எத்தனை நாள் வேணும்னே வம்பு இழுத்திருப்பேன் தெரியுமா? திட்டிட்டு, திட்டின திட்டு தனக்கே பிடிச்சுப்போய், செட்டைக் கழட்டி மாமா கையில குடுத்துட்டு அவங்க சிரிக்கிற சிரிப்பு இருக்கே, அதைப் பாக்கறதுக்குத்தான். அதைப் போய் அழிச்சிட்டீங்களே."

பெரியப்பா பிரேமை விடல. ஆனா குரல் மாறிப்போச்சு.

"உங்களுக்கெல்லாம் அது சிரிப்பு,"ன்னாரு. "எனக்கு அப்படி இல்ல. நான் படிக்கிற காலத்துல அம்மாவுக்குப் பல்லுவலி வரும். வைத்தியம் பாக்கணும்னா லீவு போடணும், லீவு போட்டா அன்னைக்குக் கூலி போச்சு. பிடுங்கிப் போட்டுட்டு, பஞ்சைக் கடிச்சுக்கிட்டு மறுநாள் வேலைக்குப் போயிடுவாங்க. ஒவ்வொரு பல்லா போனதைப் பாத்தவன் நான். அந்த வாயைப் பாக்கும்போதெல்லாம் என்னால தாங்க முடியாது. ஒரு நாளாவது, இன்னைக்கு ஒரு நாளாவது அவங்களுக்கு எல்லாப் பல்லும் இருக்கட்டும்னு நினைச்சேன். அது தப்பா?"

இத்தனை வருஷமா அவர் வெக்கப்பட்டு வாயை மூடச் சொன்னாருன்னு நினைச்சுக்கிட்டு இருந்தவ நான். கோபம் போயிடுச்சு, ஆனா பிரேமை நானும் விடல.

"தப்பு இல்ல பெரியப்பா. ஆனா இந்தப் படத்துக்கு முன்னாடி தாத்தா உட்கார மாட்டாரு. இவங்க யாருன்னே அவருக்குத் தெரியாது. அவர் ஒரு மாசமா பாட்டி பல்செட்டைப் பையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. பாட்டி கேட்டா குடுக்கணும்னு."

"அது அப்பாகிட்டயா இருக்கு?"

"அவர்கிட்டதான் எப்பவும் இருக்கும்."

பெரியப்பா மேடையில கிடந்த சுருளை எடுத்து விரிச்சாரு. விரிச்சு முழுசாப் பாத்தாரு. எனக்குத் தெரிஞ்சு அந்த வாயை அவர் முகத்தைத் திருப்பிக்காம பாத்தது அன்னைக்குத்தான். பாத்துட்டு, குனிஞ்சு தானே ஆணியை நெம்ப ஆரம்பிச்சாரு. ஆணி வழுக்குச்சு. அப்ப பின்னாலேர்ந்து ஒருத்தர் வந்து பிரேமோட அந்தப் பக்கத்தைத் தாங்கிப் பிடிச்சாரு. யாருன்னு பாத்தா எங்க அப்பா. பிடிச்சாரு, அது போதும்.

பெரியம்மா கழட்டின படத்தைச் சுருட்டி, "இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், என் பல்லு"ன்னு கக்கத்துல இடுக்கிக்கிட்டாங்க.

தாத்தாவைக் கூட்டிட்டு வர பெரியப்பாவே போனாரு. நான் கூட வரேன்னேன், வேண்டாம்னுட்டாரு.

பாட்டி படம் மேடையேறினதுமே ஹால் மாறிப்போச்சு. தையல் கம்பெனிப் பொம்பளைங்க, "ஐயோ, அக்கா!"ன்னு கத்திக்கிட்டே முன்னாடி வந்து, படத்தைப் பாத்து அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. பேங்க்காரங்க கோட்டுப் பட்டனைத் திருகிக்கிட்டு, சிரிக்கலாமா கூடாதான்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. அப்புறம் அவங்களாலயும் முடியல.

தாத்தா வெள்ளைச் சட்டையில பெரியப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. வாசல்லயே நின்னாரு. இவருக்கு இதுவும் யாரோன்னு தோணிட்டா என்ன பண்றது?

அவர் படத்தைப் பாத்தாரு. பெரியப்பா கையை விட்டுட்டு, நடுவுல தானே நடந்து வந்தாரு. முன்வரிசை நடு நாற்காலியில உட்கார வைக்கப் போனேன். அவர் உட்காரல. படத்துல பாட்டி பார்வை எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தாரு. அந்த நாற்காலியைத் தூக்கச் சொல்லி ஓரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாரு. அன்னைக்கு டாக்டர் ரூம்ல விளக்குக்குப் பக்கத்துல எப்படி நின்னாரோ அதே பக்கம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு தள்ளச் சொல்லி, பாட்டி கண்ணுக்கு நேரா வந்ததும், "போதும்"ன்னாரு.

உட்கார்ந்தாரு. கை தானா சட்டைப் பைக்குப் போச்சு. எடுக்கப் போறாரு, படத்துக்கு முன்னாடி வைக்கப் போறாருன்னு நினைச்சேன். எடுக்கல. பை மேல லேசா ரெண்டு தட்டு தட்டினாரு.

"சிரி, சிரி. அவசரம் இல்ல,"ன்னாரு பாட்டிகிட்ட. "என்கிட்டதான் இருக்கு. சிரிச்சு முடிச்சிட்டுக் கேளு."